'கடும்' யாருடைய சொல்?

கேள்வி இது: சேலத்தில் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபராகச் சேர்ந்திருக்கும் ஒருவர், "என் செய்தியில் 'கடும்' என்று வந்தாலே உதவி ஆசிரியர் அடித்துவிடுகிறார். ஆனால் அதே நாள் பேப்பரில் நீதிமன்றச் செய்தி, வானிலை, விளையாட்டு, அரசியல் என்று எல்லாப் பக்கத்திலும் அந்தச் சொல் இருக்கிறது. எங்கே எழுதலாம், எங்கே கூடாது?" என்று கேட்டிருக்கிறார்.

அடிப்பவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, மற்ற பக்கங்களில் அது நிற்பதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே சொல்தான், ஆனால் பக்கத்துக்குப் பக்கம் அது செய்யும் வேலை வேறு. செய்தியில் 'கடும்' வந்து நின்றால் முதலில் கேட்க வேண்டியது, இது யாருடைய சொல் என்பதைத்தான். சில இடங்களில் அது சட்டமோ அளவுகோலோ கொடுத்த சொல். அதைத் தொடக் கூடாது. சில இடங்களில் பேசியவர் வாயிலிருந்து வந்த சொல். அதை அவர் கணக்கிலேயே எழுத வேண்டும். மீதி இடங்களில் நிருபர் தானாகப் போட்டது. அந்த மூன்றாவது வகையில்தான் உதவி ஆசிரியரின் பேனா இறங்குகிறது. அப்படிப் போட்ட 'கடும்' பெரும்பாலும் கேட்காமல் விட்ட ஓர் எண்ணின் இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

தொடவே கூடாத இடம் நீதிமன்றச் செய்தி. '3 ஆண்டு கடுங்காவல் சிறை' என்பதில் உள்ள 'கடும்' வர்ணனை இல்லை, தண்டனையின் பெயர். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 53ஆம் பிரிவிலும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 4ஆம் பிரிவிலும் சிறைத் தண்டனை இரண்டு வகையாகச் சொல்லப்படுகிறது. கடின உழைப்போடு கூடியது கடுங்காவல். உழைப்பு இல்லாதது வெறுங்காவல். சிலர் மெய்க்காவல் என்றும் எழுதுகிறார்கள். அரசு வழக்கறிஞரிடமோ நீதிமன்றக் காவலரிடமோ விவரம் கேட்டால் 'ஆர்.ஐ.', 'எஸ்.ஐ.' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். முன்னது கடுங்காவல், பின்னது வெறுங்காவல்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் எப்போதும் இந்த மூன்றுதான். முதலாவது, அபராதம். 'கட்டத் தவறினால் மேலும் 3 மாதம்' என்று வரும் கூடுதல் தண்டனை பல தீர்ப்புகளில் வெறுங்காவலாக இருக்கும். முன் வரியில் கடுங்காவல் என்று எழுதிய வேகத்தில் இதையும் கடுங்காவல் என்று எழுதிவிடுவார்கள். இரண்டாவது, கூட்டல். ஒருவருக்கு மூன்று பிரிவுகளின் கீழ் 7 ஆண்டு, 3 ஆண்டு, 1 ஆண்டு என்று தண்டனை விதித்து, 'ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்று நீதிபதி சொன்னால், அவர் இருக்கப்போவது 7 ஆண்டு. '11 ஆண்டு கடுங்காவல்' என்று தலைப்பு போட்டால் அது தவறான செய்தி. 'ஏக காலம்' என்ற இரண்டு சொல்லைக் கேட்டு வாங்காமல் நீதிமன்ற வளாகத்தை விட்டுக் கிளம்பக் கூடாது. மூன்றாவது, கடுங்காவல் என்றால் தனியறையில் அடைப்பது என்று நினைப்பது. தனிமைச் சிறை வேறு. கடுங்காவல் தண்டனையின் ஒரு பகுதியாக மட்டுமே அதற்கு நீதிமன்றம் உத்தரவிடலாம், அதுவும் மொத்தத்தில் 3 மாதத்தைத் தாண்டக் கூடாது.

அதே நீதிமன்றப் பக்கத்தில் இன்னொரு 'கடும்' இருக்கிறது: 'நீதிபதிகள் கடும் அதிருப்தி', 'உயர் நீதிமன்றம் கடும் கண்டனம்'. இது தண்டனையின் பெயர் அல்ல, வழக்கு விசாரணையின்போது நீதிபதி வாய்மொழியாகச் சொன்னதை நிருபர் மதிப்பிட்டது. வாய்மொழியாகச் சொன்னது உத்தரவில் இல்லாமல் போகலாம். அதனால் என்ன கேள்வி கேட்டார் என்பதை அப்படியே எழுதி, 'வாய்மொழியாகக் கூறினார்' என்பதைச் சேர்க்க வேண்டும். கேள்வியே சூடாக இருந்தால் 'கடும்' தேவைப்படாது.

காயத்துக்கும் சட்டத்தில் ஒரு கோடு உண்டு. 'கொடுங்காயம்' என்பது சட்டச் சொல். எலும்பு முறிவு, பல் உடைவது, ஒரு கண்ணின் பார்வை போவது என்று அதற்குப் பட்டியலே இருக்கிறது. பழைய சட்டத்தில் 20 நாள் அன்றாட வேலை செய்ய முடியாத நிலை என்று இருந்தது, புதிய சட்டத்தில் 15 நாளாகியிருக்கிறது. நிருபர் எழுதும் 'பலத்த காயம்', 'படுகாயம்' இரண்டும் கண்ணால் பார்த்த மதிப்பீடு. 'கொடுங்காயம்' என்று எழுதினால் எந்தப் பிரிவில் வழக்கு என்று சொல்லிவிட்டதாக அர்த்தம். 'கடும் காயம்' என்று யாரும் எழுதுவதில்லை என்பதையும் கவனியுங்கள். தமிழ் அதை ஏற்கவில்லை. ஏன் என்பதற்குக் கீழே வருகிறேன்.

அடுத்தது வானிலை. சேலத்து நிருபருக்கு வருடம் முழுக்கக் கை கொடுக்கும் பகுதி இது, அதிகமாகத் தடுக்கி விழும் பகுதியும் இதுதான். கீழே நகரத்தில் வெயில், மேலே ஏற்காட்டில் பனி. இரண்டுக்கும் ஒரே 'கடும்' போட்டுப் பழகிவிடுகிறோம்.

வெயிலை எடுத்துக்கொள்வோம். நம் பேப்பர்களில் வெயிலை இன்னும் பாரன்ஹீட்டில்தான் எழுதுகிறோம். 100 டிகிரி தொட்டால் 'சதம்'. 100 டிகிரி பாரன்ஹீட் என்பது 37.8 டிகிரி செல்சியஸ். இந்திய வானிலை ஆய்வு மையம் சமவெளியில் 'வெப்ப அலை' என்று சொல்ல, முதலில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸை, அதாவது 104 பாரன்ஹீட்டைத் தொட வேண்டும். அது மட்டும் போதாது, அந்த நாளுக்குரிய இயல்பைவிட 4.5 முதல் 6.4 டிகிரி வரை கூடுதலாக இருக்க வேண்டும். 6.4ஐத் தாண்டினால்தான் 'கடும் வெப்ப அலை'. இயல்பைப் பார்க்காமல் நேரடியாகச் சொல்ல வேண்டுமானால் 45 டிகிரி வெப்ப அலை, 47 டிகிரி கடும் வெப்ப அலை. ஒரே ஒரு ஊரில் ஒரு நாள் அடித்தால் அறிவிப்பு வராது. வானிலை மையம் வகுத்திருக்கும் ஒரு வானிலைப் பிரிவில் குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாள் நீடித்தால் இரண்டாம் நாள் அறிவிப்பார்கள்.

ஆக, சேலத்தில் 101 டிகிரி பதிவான நாளில் 'கடும் வெயில்' என்று எழுதலாம். அது பேச்சு வழக்கு, படிப்பவருக்கும் புரியும். 'கடும் வெப்ப அலை' என்று எழுதக் கூடாது, ஏனென்றால் அது ஓர் அறிவிப்பின் பெயர். இடையில் ஒரே ஒரு சொல் வித்தியாசம். மலைக்கு வேறு கணக்கு: மலைப்பகுதியில் 40 என்பதற்குப் பதில் 30 டிகிரியிலேயே வெப்ப அலைக்கான பரிசீலனை தொடங்குகிறது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 31 டிகிரி என்பது பெரிய செய்தி. சேலத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்து அதை விட்டுவிடுவதும் ஒரு தவறுதான்.

மழையில் 'கடும்' வேண்டவே வேண்டாம். வானிலை மையம் அங்கே தனிச் சொற்களை எடுத்துக்கொண்டுவிட்டது. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை, 204.5க்கு மேல் அதி கனமழை. 'கடும் மழை' என்று எழுதினால் இந்த மூன்றில் எது என்று படிப்பவர் குழம்புவார். பக்கத்து ஊர் நிருபர் 'கனமழை' என்று எழுதியிருந்தால், உங்களுடையது அதைவிடக் கூடுதலா குறைவா என்ற சந்தேகமும் வரும். மி.மீ. எண்ணை வாங்கி எழுதுங்கள், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்பதோடு. மழைமானிக் கணக்கு காலை 8.30க்கு முடியும், 'நேற்று பெய்த மழை' என்று எழுதும்போது பாதி முந்தாநாள் கணக்கு கலந்துவிடுகிறது.

வறட்சியில் மறுபடியும் 'கடும்' அளவுச் சொல்லாகிறது. ஒரு வானிலைப் பிரிவின் பருவமழை இயல்பைவிட 26 முதல் 50 சதவீதம் வரை குறைந்தால் மிதமான வறட்சி, 50 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் கடும் வறட்சி. கிணறு வற்றியதைப் பார்த்துவிட்டு வந்து எழுதும் 'கடும் வறட்சி' வேறு, வறட்சி அறிவிப்பில் வரும் 'கடும் வறட்சி' வேறு. இரண்டாவதில் நிவாரணக் கணக்கெல்லாம் தொங்குகிறது. விவசாயிகள் உங்கள் செய்தியை வெட்டி மனுவோடு இணைப்பார்கள் என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள். கண்ணால் பார்த்ததென்றால் 'கிணறுகளில் தண்ணீர் இல்லை, போர்வெல் இத்தனை அடி போயும் வரவில்லை' என்று எழுதினாலே போதும். மேட்டூர் அணையைப் பற்றியதென்றால் 'நீர்மட்டம் கடும் சரிவு' வேண்டாம். முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி, இன்று இத்தனை அடி, போன வாரம் இத்தனை அடி, வரத்து இத்தனை கனஅடி, வெளியேற்றம் இத்தனை கனஅடி. இவ்வளவு எழுதிவிட்டால் சரிவு கடுமையா இல்லையா என்பதை டெல்டாவில் உட்கார்ந்து படிப்பவர் உங்களைவிட நன்றாகச் சொல்வார்.

இப்போது பனி. ஏற்காட்டிலிருந்து வரும் செய்திகளில் வழக்கமாக இப்படி இருக்கும்:

"ஏற்காட்டில் நேற்று கடும் பனிப்பொழிவு நிலவியது. இதனால் வாகன ஓட்டிகள் கடும் அவதிக்குள்ளாகினர். கடும் குளிரால் பொதுமக்கள் வீடுகளில் முடங்கினர்."

மூன்று வாக்கியம், மூன்று 'கடும்', ஒரு தகவலும் இல்லை. அதோடு ஒரு பிழையும் இருக்கிறது. தமிழில் 'பனி' என்ற சொல் புல்லின் மேல் இருக்கும் துளிக்கும், புகைபோல் மூடுவதற்கும், ஊட்டியில் புல் வெளுப்பதற்கும், இமயத்தில் கொட்டுவதற்கும் பொதுவாகக் கிடக்கிறது. 'பனிப்பொழிவு' என்றதும் வெளியூர்க்காரர் மனதில் வருவது காஷ்மீர். ஏற்காட்டில் இருப்பது மூடுபனி. காலையில் புல்லில் இருப்பது பனித்துளி. நீலகிரியில் விழுவது உறைபனி. எந்தப் பனி என்று சொன்ன பிறகுதான் அது எவ்வளவு என்ற கேள்வியே வரும்.

எவ்வளவு என்பதற்கும் அளவு இருக்கிறது. எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதை வைத்து மூடுபனியைப் பிரிப்பார்கள்: 500 முதல் 1,000 மீட்டர் வரை தெரிந்தால் லேசானது, 200 முதல் 500 வரை மிதமானது, 50 முதல் 200 வரை அடர் மூடுபனி, 50 மீட்டருக்குள் என்றால் மிக அடர்ந்தது. இதை அளக்கக் கருவி தேவையில்லை. நெடுஞ்சாலைகளில் கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒரு சிறு கல் நடுவது வழக்கம். வளைவில்லாத ஒரு நீட்டில், ஒரு கல்லருகே நின்று பாருங்கள். அடுத்த கல் இருக்கும் இடம் தெரியவில்லை என்றால் 200 மீட்டருக்குள் வந்துவிட்டது. பிறகு காலால் அளந்து நடங்கள். எத்தனை எட்டில் ஒரு மரமோ மின்கம்பமோ தெரிய ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். கொண்டை ஊசி வளைவில் நின்று இதைச் செய்யாதீர்கள். அங்கே பனி இல்லாத நாளிலும் 200 மீட்டர் தெரியாது, வண்டிக்காரருக்கு உங்களையும் தெரியாது.

அப்படிப் பார்த்து எழுதினால் அதே செய்தி இப்படி வரும். எண்கள் மாதிரிக்கு:

"ஏற்காட்டில் நேற்று காலை 6 மணி முதல் 9.30 மணி வரை மூடுபனி சூழ்ந்திருந்தது. அண்ணா பூங்கா வாசலில் நின்றவர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏரி தெரியவில்லை. மலைப்பாதையில் 30 மீட்டருக்கு அப்பால் எதிரே வரும் வண்டி தெரியாததால், பஸ்கள் முகப்பு விளக்கை எரியவிட்டபடி ஊர்ந்தன. சேலத்திலிருந்து 7 மணிக்குக் கிளம்பிய பஸ் 40 நிமிடம் தாமதமாக வந்தது."

இதில் ஒரு 'கடும்' கூட இல்லை. மலையேறத் திட்டமிட்டிருந்தவர் இதைப் படித்துவிட்டு 10 மணிக்கு மேல் கிளம்பலாம் என்று முடிவு செய்வார். பயணக் கட்டுரை எழுதுபவருக்கும் இதுவே பொருந்தும். 'கடும் குளிர்' என்பதைவிட, எந்த மாதம், விடியற்காலையில் எத்தனை டிகிரி, ஸ்வெட்டர் போதுமா கம்பளி வேண்டுமா என்பதுதான் குழந்தையோடு வருகிறவருக்கு வேண்டும்.

மேலே பாதியில் விட்ட கேள்விக்கு வருகிறேன். ஏன் 'கடும் வெயில்' சரியாக ஒலிக்கிறது, 'கடும் காயம்' ஒலிக்கவில்லை? தமிழ் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் தன் மிகுதிச் சொல்லைத் தானே தேர்ந்து வைத்திருக்கிறது. வந்து மோதுகிற விசைக்குப் 'பலத்த': பலத்த காற்று, பலத்த சத்தம், பலத்த காயம், பலத்த பாதுகாப்பு. எடைக்கும் அளவுக்கும் 'கன': கனமழை. நெருக்கத்துக்கு 'அடர்': அடர் மூடுபனி, அடர்ந்த காடு. நடந்துகொண்டிருக்கும் வேலைக்குத் 'தீவிர': தீவிர விசாரணை, தீவிர சிகிச்சை, தீவிரத் தேடுதல். தாங்கிக்கொள்ள வேண்டியதற்கும், விட்டுக்கொடுக்காததற்கும் 'கடும்': கடும் வெயில், கடுங்குளிர், கடும் பசி, கடும் தட்டுப்பாடு, கடும் உழைப்பு, கடுஞ்சொல், கடும் போட்டி. பால் விடாத காப்பியைக் கடுங்காப்பி என்கிறோமே, அதுவும் இந்த வரிசைதான். விட்டுக்கொடுக்காத காப்பி. (நம் பக்கத்தில் வரக்காப்பி என்பது அதிகம்.)

இதை மனதில் வைத்தால் பாதிப் பிழை தானாகக் குறையும். 'கடும் பாதுகாப்பு' என்று எழுதினால் பாதுகாப்பே ஒரு துன்பம் என்ற தொனி வருகிறது. 'பலத்த பாதுகாப்பு' அல்லது இன்னும் நல்லதாக '200 போலீசார்'. 'கடும் விசாரணை' என்றால் அடித்துக் கேட்டார்கள் என்று படிப்பவர் நினைக்க இடம் இருக்கிறது. 'தீவிர விசாரணை' என்றால் இல்லை. குற்றச் செய்தியில் இந்த வித்தியாசம் விளையாட்டல்ல.

போலீஸ், மாநகராட்சி, வருவாய்த் துறைச் செய்திக்குறிப்புகளில் 'கடும் நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற வரி அச்சு வார்த்தது போல வரும். இது அதிகாரி வாயிலிருந்து வந்த 'கடும்'. அவர் சொன்னதாகவே எழுதலாம். ஆனால் அங்கேயே நின்றுவிடாமல் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தச் சட்டம், என்ன தண்டனை அல்லது அபராதம், இதுவரை எத்தனை பேர் மேல்? குண்டர் தடுப்புச் சட்டம் என்றால் அதை எழுதுங்கள். அது 1982ஆம் ஆண்டின் 14ஆவது தமிழ்நாடு சட்டம், விசாரணையின்றி அதிகபட்சம் 12 மாதம் வரை தடுப்புக் காவலில் வைக்கலாம். சேலம் மாநகர எல்லைக்குள் உத்தரவு போடுபவர் போலீஸ் கமிஷனர், ஏற்காடு போன்ற மாவட்டப் பகுதிக்குக் கலெக்டர். இந்த இரண்டை மாற்றி எழுதுவது அடிக்கடி நடக்கிறது. பதில் கிடைக்கவில்லை என்றால் 'கடும்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'நடவடிக்கை எடுக்கப்படும் என்றார்' என்று முடியுங்கள்.

அரசியல் செய்தியில் 'கடும் கண்டனம்' என்பது தினப்படி வரும். இங்கே செய்ய வேண்டியது அறிக்கையைத் திறந்து பார்ப்பது மட்டும்தான். அறிக்கையில் 'வன்மையாகக் கண்டிக்கிறேன்' என்று இருந்தால் 'கடும் கண்டனம்' சரி. 'கண்டிக்கத்தக்கது' என்று மட்டும் இருந்தால் 'கண்டனம்' போதும். 'வருத்தமளிக்கிறது' என்று இருந்ததைக் 'கடும் கண்டனம்' ஆக்கினால், அடுத்த நாள் எதிர்க்கட்சி பதிலறிக்கை விடும்போது உங்கள் தலைப்பில் இருந்த சொல்லுக்குத்தான் பதில் சொல்லும், அவர் சொல்லாத சொல்லுக்கு. கூட்டணிக் கட்சிகளுக்குள் நடக்கும் பேச்சில் இந்த அளவு வித்தியாசமே செய்தி. அதை அழித்துவிடக் கூடாது. 'கடும் தாக்கு' என்ற தலைப்புக்கும் இது பொருந்தும். கை கலப்பு நடந்த ஊரில் அந்தத் தலைப்பைப் பார்ப்பவர் வேறு பொருள் எடுத்துக்கொள்வார்.

'கடும் எதிர்ப்பு' இன்னும் கவனமாக எழுத வேண்டியது. 2018இல் சேலம்-சென்னை எட்டு வழிச் சாலைக்கு நில அளவை நடந்தபோது 'கடும் எதிர்ப்புக்கு இடையே' என்ற தொடர் தொடர்ந்து அச்சில் வந்தது. 277 கி.மீ. நீளத் திட்டம். 2019 ஏப்ரலில் நிலம் கையகப்படுத்தும் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. இப்படி நீதிமன்றம் வரை போகும் விவகாரத்தில் நிருபர் எழுதி வைப்பது பின்னால் ஆவணமாகிறது. எந்தக் கிராமம், எத்தனை பட்டாதாரர், எத்தனை பேர் ஆட்சேப மனு கொடுத்தார்கள், எத்தனை அளவைக் கற்கள் பிடுங்கப்பட்டன, யார் கைதானார்கள், சம்மதித்து நிலம் கொடுத்தவர்கள் எத்தனை பேர். 'கடும் எதிர்ப்பு' என்ற இரண்டு சொல் இவ்வளவையும் விழுங்கிவிடுகிறது. எதிர்த்தவருக்கும் அது உதவாது, ஆதரித்தவருக்கும் உதவாது.

இங்கே ஒரு விலக்கு. தலையங்கமும் பெயர் போட்டு எழுதும் கட்டுரையும் எழுதியவரின் மதிப்பீட்டுக்காகவே படிக்கப்படுகின்றன. அங்கே 'கடும்' எழுதியவருக்குச் சொந்தம், அவர் தாராளமாக எழுதலாம்.

வணிகப் பக்கத்தில் 'கடும் சரிவு', 'கடும் உயர்வு' இரண்டையும் சதவீதம் இல்லாமல் எழுதவே கூடாது. சென்செக்ஸ் 80,000 புள்ளியில் இருக்கும்போது 800 புள்ளி இறங்கினால் அது 1 சதவீதம்தான். அதே 800, குறியீடு 8,000 ஆக இருந்த காலத்தில் 10 சதவீதம். அந்த அளவு இறங்கினால் வர்த்தகத்தையே நிறுத்திவைக்க விதி இருக்கிறது. புள்ளியைப் பார்த்து 'கடும்' போடுவது அதனால்தான் தவறாகிறது.

நம் ஊர்ச் சரக்குக்கு வந்தால் அலகு முக்கியம். தலைவாசல் சந்தையில் தக்காளி விலை இறங்கியது என்று எழுதும்போது பெட்டி விலையா கிலோ விலையா, பெட்டி எத்தனை கிலோ என்று கேளுங்கள். 14 கிலோ பெட்டியும் 25 கிலோ பெட்டியும் புழக்கத்தில் இருப்பதால், இரண்டையும் ஒப்பிட்டு 'கடும் சரிவு' எழுதிவிட வாய்ப்பிருக்கிறது. ஜவ்வரிசி என்றால் 90 கிலோ மூட்டை. மரவள்ளிக்கிழங்கு என்றால் மாவுச்சத்துப் பாயிண்ட்டை, அதாவது கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து என்ற அளவை வைத்து விலை; ஒரு பாயிண்ட்டுக்கு இத்தனை ரூபாய் என்று டன்னுக்குக் கணக்கிடுவார்கள். மழைக்குப் பிறகு பிடுங்கிய கிழங்கில் பாயிண்ட் குறையும். பாயிண்ட் விலை அப்படியே இருந்தும் விவசாயி கையில் வரும் தொகை குறைந்திருக்கும். 'கிழங்கு விலை கடும் வீழ்ச்சி' என்று எழுதினால் ஆலைக்காரர் மறுப்பார், விவசாயி ஆமாம் என்பார், இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கும். பாயிண்ட், பாயிண்ட் விலை, டன் விலை மூன்றையும் எழுதினால் தகராறு இல்லை.

மருத்துவச் செய்தியில் நடக்கும் பிழை வேறு வகை, பல மூத்தவர்களும் செய்வது. மருத்துவர்கள் சொல்லும் 'அக்யூட்' என்ற சொல்லை நாம் 'கடும்' என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். 'அக்யூட்' என்றால் திடீரென்று வந்து குறுகிய காலம் இருப்பது. அதற்கு எதிர்ச்சொல் 'நாள்பட்ட'. நோயின் வலுவைச் சொல்லும் சொல் 'சிவியர்'. அக்யூட் வயிற்றுப்போக்கு என்றால் 14 நாளுக்குள் அடங்குவது, அவ்வளவுதான், லேசாகவும் இருக்கலாம். அதைக் 'கடும் வயிற்றுப்போக்கு' என்று ஒரு கிராமத்தின் பெயரோடு எழுதினால் அந்த ஊர்க்குழாய்த் தண்ணீரைத் தொட ஆளிருக்காது. 'திடீர் வயிற்றுப்போக்கு' என்பதே சரி. குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாட்டில் இரண்டு சொல்லும் சேர்ந்தே வரும்: 'சிவியர் அக்யூட்'. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 115 மி.மீ.க்குக் கீழே இருந்தால் அந்த வகை. அங்கன்வாடிக் கணக்கை வாங்கும்போது 'கடும்' பிரிவில் எத்தனை, 'மிதமான' பிரிவில் எத்தனை என்று தனித்தனியாக வாங்குங்கள். இரண்டையும் கூட்டி 'கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு' என்று எழுதுவது பெரும் பிழை.

விளையாட்டில் 'கடும் போட்டி' பழக்கத்தால் வருகிறது. நம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். டோக்கியோவில் தங்கம் வாங்கியவர் 1.88, மாரியப்பன் 1.86, வெள்ளி. இரண்டு செ.மீ. வித்தியாசம் என்று எழுதிவிட்டால் அதற்கு முன்னால் 'கடும்' போட இடமே இல்லை. ஒருதலையாக முடிந்த கபடிப் போட்டிக்கும் பழக்க தோஷத்தில் 'கடும் போட்டிக்குப் பின் வென்றது' என்று எழுதிவிடுகிறார்கள்; கீழே 42-18 என்ற ஸ்கோர் அந்த வரியைப் பொய்யாக்கிக்கொண்டு நிற்கும்.

போக்குவரத்து நெரிசலுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. மே மாதக் கோடை விழாவின்போது ஏற்காடு மலைப்பாதையில் 'கடும் நெரிசல்' என்பதற்குப் பதில், 20 கொண்டை ஊசி வளைவில் எத்தனையாவது வரை வண்டி நின்றது, அடிவாரத்திலிருந்து மேலே போக எத்தனை மணி நேரம் ஆனது, மலைக்குப் போகும் இன்னொரு பாதையான குப்பனூர் வழி திறந்திருந்ததா, எந்த வழியாக ஏற்றி எந்த வழியாக இறக்கினார்கள். இது போதும்.

எழுத்து முறையில் நான்கு விஷயம். 'கடும்' அடுத்த சொல்லோடு சேரும்போது க, ச, த முன்னால் ஒற்று மாறும்: கடுங்குளிர், கடுஞ்சொல், கடுந்தவம். ப, ம முன்னால் மாறாது: கடும்பனி. பிரித்து எழுதுவதென்றால் 'கடும் குளிர்' என்று இடைவெளி விட்டு எழுதுங்கள். பேப்பரில் இதுவே இப்போது வழக்கம். இரண்டும் இல்லாத 'கடும்குளிர்' தவறு. 'கடுங்காவல்' மட்டும் எப்போதும் சேர்த்தே. 'கடுமையான' பெயரெச்சம் போல நிற்பதால் பின்னால் ஒற்று மிகாது: 'கடுமையான போட்டி', 'கடுமையானப் போட்டி' இல்லை. 'கடுமையாக' என்பதற்குப் பின்னால் மிகும்: 'கடுமையாகக் கண்டித்தார்', 'கடுமையாகத் தாக்கினார்'.

கடைசியாகத் தலைப்பு. பேப்பரைத் திறந்தால் 'கடும்' தலைப்புகளில்தான் அதிகம் தெரியும், டிவியில் கீழே ஓடும் வரியிலும் அப்படித்தான். மூன்றே எழுத்து, ஒரு பத்தி அகலத் தலைப்பில் 'கடுமையான'வுக்கு இடம் இருக்காது, 'கடும்' உட்கார்ந்துவிடும். தலைப்பை நீங்கள் போடப்போவதில்லை, டெஸ்க்கில் போடுவார்கள். அவர்கள் உங்கள் செய்தியின் முதல் இரண்டு வாக்கியத்தில் இருப்பதை வைத்தே போடுகிறார்கள். '30 மீட்டர்', '40 நிமிடம்', '7 ஆண்டு' என்று ஓர் எண் அங்கே இருந்தால் அதை எடுத்துக்கொள்வார்கள். எண்ணும் மூன்று எழுத்துக்குள் அடங்கிவிடும். அதனால் அந்த எண்ணை நான்காவது பத்தியில் வைக்காமல் முதல் வாக்கியத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள்.